வீட்டுப் பாதுகாப்புக்கு ஷாட்கன்: பம்ப் ஆக்‌ஷன் நம்பகமானது என்றார்கள், இரண்டாவது தோட்டாவே ஏறவில்லை. என்ன செய்வது?

கேட்டவர்:
வணக்கம். உரிமம் வாங்கியாகிவிட்டது. எங்கள் வீடு மற்ற வீடுகளிலிருந்து தள்ளி இருக்கிறது. ஆபத்து வந்தால் உதவி வந்து சேர நேரமாகும் என்பதால்தான் இந்த முடிவு. நானும் மனைவியும் இருவருமே பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அவர் என்னைவிட நல்ல குள்ளம். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் உண்டு.

கேட்ட இடமெல்லாம் "பம்ப் ஆக்‌ஷன் 12 கேஜ் வாங்கு, அது மக்கர் பண்ணாது" என்றார்கள். (பம்ப் என்றால் ஒவ்வொரு முறையும் முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது. கேஜ் என்பது குழலின் அளவு, எண் சிறியதானால் குழல் பெரியது.) வாங்கும் முன் பயிற்சித் தளத்தில் ஒன்றை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தோம். முதல் தோட்டா வெடித்தது. முன்பிடியை இழுத்துத் தள்ளி மறுபடி விசையை அழுத்தினால் வெறும் 'க்ளிக்'. மனைவிக்கும் அதே கதை. துப்பாக்கியில் கோளாறா? அடுத்த தோட்டா தானாக ஏறும் செமி ஆட்டோ பக்கம் போய்விடலாமா?

பதில் 1:
மாடலை மாற்றும் முன் ஒன்று சொல்லுங்கள் சார். 'க்ளிக்' என்றபோது சுட்ட தோட்டாவின் காலிக் கூடு எங்கே இருந்தது? கீழே விழுந்திருந்ததா, கூடு வெளியேறும் பக்கவாட்டுத் திறப்பின் வாயில் பாதி மாட்டியிருந்ததா, தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் சேம்பருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்ததா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

கேட்டவர்:
எனக்குக் கூடு கீழே விழுந்துவிட்டது, புதுத் தோட்டாதான் ஏறவில்லை. மனைவிக்குக் கூடு வாயில் பாதி மாட்டி நின்றது. பயிற்சியாளர் அதே துப்பாக்கியில் அதே தோட்டாக்களைச் சுட்டார், ஒன்றுகூடத் தடங்கவில்லை.

பதில் 1:
அப்படியென்றால் துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கிறது. முன்பிடியைப் பின்பக்கம் முழுதாக, முட்டும் வரை இழுக்கவில்லை. 'ஷார்ட் ஸ்ட்ரோக்' என்பார்கள். முக்கால்வாசி இழுத்தாலே கூடு வெளியே போய்விடலாம், ஆனால் அடுத்த தோட்டா, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் குழாயிலிருந்து, அதைச் சேம்பருக்கு உயர்த்தும் 'தூக்கி'க்கு வராது. இன்னும் குறைவாக இழுத்தால் கூடே வெளியேறாமல் மாட்டும். உங்களுக்கு நடந்தது முதல் வகை, அவருக்கு நடந்தது இரண்டாவது.

கூடு சேம்பருக்குள்ளேயே இறுகியிருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். அழுக்கான அல்லது சொரசொரப்பான சேம்பர், மலிவுத் தோட்டாவின் உப்பிய அடிப்பகுதி, கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்திருப்பது என்று போகும். அதற்குப் பழுது பார்ப்பவரிடம்தான் காட்ட வேண்டும்.

பம்ப் ஆக்‌ஷன் மக்கர் பண்ணாது என்பது பாதி உண்மை. உள்ளே இயந்திரம் எளிமையானது, எந்த வலுவில் தோட்டா போட்டாலும் தள்ளும். ஏனென்றால் தள்ளுவது உங்கள் கை. அந்தக் கை பதற்றத்தில் பாதியில் நின்றால் இயந்திரத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பதில் 2:
மேலே சொன்னவர் சரியாகப் பிடித்தார். நான் ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் மனைவி விஷயத்தில், தோளில் முட்டும் பின்கட்டையின் நீளத்தைப் பாருங்கள். விசைக்கும் கட்டையின் பின்முனைக்கும் உள்ள தூரம் பெரும்பாலான துப்பாக்கிகளில் 14 அங்குலம் அளவில் இருக்கும். குள்ளமானவருக்கு இது அதிகம். தோளில் வைத்தாலே முன்பிடி கை எட்டாத தூரத்துக்குப் போகும், முழங்கை நீண்டுவிட்டால் முழு இழுப்புக்கு வலு வராது. 12.5 முதல் 13 அங்குலக் கட்டை போட்டுப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நீளமான கட்டைக்கு உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்பதால்தான் உதைப்பும் பெரிதாகத் தெரிகிறது. தோள் கட்டையே இல்லாத வெறும் கைப்பிடி மாடல் பார்க்க ஜோராக இருக்கும், தயவுசெய்து வேண்டாம். குறியும் வராது, மணிக்கட்டும் போகும்.

மாடல் என்று கேட்டால் ரெமிங்டன் 870, மோஸ்பர்க் 500, 590 மூன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். 870, 1950களின் தொடக்கத்திலிருந்து வருகிறது, 1 கோடிக்கு மேல் செய்திருக்கிறார்கள். உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. மோஸ்பர்க்கில் தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி மேலே, கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கும். 870இல் விசைக்குப் பின்னே குறுக்காக இருக்கும். வீட்டில் ஒருவர் இடக்கைக்காரர் என்றால் மோஸ்பர்க் வசதி.

பதில் 3:
நான் செமி ஆட்டோவுக்கு ஆதரவு. ஒரு கையில் அடிபட்டாலும், ஒரு கையால் பிள்ளையைப் பிடித்திருந்தாலும் அடுத்த தோட்டா தானாக ஏறும். ஷார்ட் ஸ்ட்ரோக் என்ற பேச்சே இல்லை. தோட்டா வெடிக்கும்போது வரும் வாயுவில் இயங்குபவற்றில் உதைப்பும் குறைவு. பெனெல்லி எம்4ஐ அமெரிக்க ராணுவம் 1999இல் எம்1014 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. செமி ஆட்டோ என்றால் நம்ப முடியாது என்பது பழைய பேச்சு.

ஆனால் அது எந்தத் தோட்டா போட்டாலும் ஓடிவிடாது. உதைப்பு குறைத்த தோட்டாக்களைச் சில துப்பாக்கிகள் முழுதாக இயக்காது. உதைப்பின் வேகத்தையே வைத்து இயங்கும் இனர்ஷியா வகையில் டார்ச், தோட்டாப் பட்டை என்று எடையை ஏற்றிக்கொண்டே போனால் அதற்கும் பாதிப்பு வரலாம். வீட்டில் எதைப் போட்டு வைப்பீர்களோ அதே தோட்டாவை, அதே இணைப்புகளோடு, தளத்தில் கணிசமாகச் சுட்டுத் தடங்கல் இல்லை என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, தெளிவாகிறது. 12 கேஜா 20 கேஜா? தோட்டா எது? சுவரைத் துளைத்துப் பிள்ளைகள் அறைக்குப் போய்விடுமோ என்பதுதான் என் பெரிய பயம்.

பதில் 2:
அந்தப் பயம் நியாயமானது. பறவை சுடும் சிறு குண்டுத் தோட்டா சுவரில் குறைவாகப் புகும், ஆனால் ஆளைத் தடுக்கும் அளவுக்கு உடம்பிலும் ஆழமாகப் போகாது. அதனால் பக்‌ஷாட் எனும் பெரிய குண்டுத் தோட்டாதான் வழக்கம். 12 கேஜில் 00 அளவு என்றால் சுமார் 8.4 மி.மீ. குண்டுகள் 8 அல்லது 9 இருக்கும். மெல்லிய தடுப்புச் சுவரை அவை துளைத்துக்கொண்டு போகும், சந்தேகமே வேண்டாம். ஆகவே எந்த இடத்திலிருந்து எந்தத் திசையில் சுடலாம், எந்தத் திசையில் கூடவே கூடாது என்பதை இப்போதே வீட்டை நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். பிள்ளைகளை எல்லாரும் கூடும் ஒரே அறைக்கு அழைத்துவந்து, கதவைச் சாத்தி, போலீஸுக்கு போன் போடுவதுதான் முதல் வேலை.

'குறி பார்க்கவே வேண்டாம், பரவி அடிக்கும்' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஓர் அறையின் தூரத்தில் குண்டுகள் உள்ளங்கை அளவுக்குக்கூடப் பரவாமல் போகலாம். தவறினால் மொத்தமாகத் தவறும்.

20 கேஜ் உங்கள் மனைவிக்கு நல்ல தேர்வு. ஆனால் ஒரே வீட்டில் 12உம் 20உம் சேர்ந்து இருக்கவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பரைத் தாண்டி உள்ளே போய்க் குழலில் மாட்டிக்கொள்ளும். சேம்பர் காலியாகத் தெரியும், பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதற்காகத்தான் 20 கேஜ் கூட்டை மஞ்சளாகச் செய்கிறார்கள். நீளமும் பாருங்கள்: குழலில் 2¾ அங்குலம் என்றிருந்தால் 3 அங்குலத் தோட்டா போடக் கூடாது. உள்ளே நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து. அந்த அளவு சுட்ட பிறகு விரிந்த கூட்டின் நீளம்.

கேட்டவர்:
கடைசியாக ஒன்று. தோட்டா ஏற்றியே வைக்கலாமா? சேஃப்டி போட்டால் போதாதா?

பதில் 1:
போதாது. பெரும்பாலான ஷாட்கன்களில் சேஃப்டி விசையை மட்டும்தான் தடுக்கிறது. கீழே விழுந்தால் உள்ளே தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி அசைய வாய்ப்புண்டு. சேம்பர் எப்போதும் காலியாக இருக்கட்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கி விரைவாகத் திறக்கும் பூட்டுப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும், அலமாரி மேலே அல்ல. பெட்டிக்குள் மேகசினில் தோட்டா வைக்கலாமா என்பதற்கு உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். வைத்தால், பிளாஸ்டிக் கூடுகள் நாளடைவில் நசுங்கி உருமாறும், அவ்வப்போது எடுத்துப் பார்த்து மாற்றுங்கள்.

கேட்டவர்:
தளத்தில் குட்டைக் கட்டை போட்ட 20 கேஜ் பம்ப் ஒன்று கிடைத்தது. முதலில் வெடிக்காத டம்மி தோட்டாவில் முட்டும் வரை இழுத்துப் பழகினோம், பிறகு நிஜத் தோட்டா. மனைவிக்கு ஒன்றும் மாட்டவில்லை, அவரே "இதுதான் வேண்டும்" என்றார். எனக்கும் இதுவே போதும், 12 கேஜ் எண்ணத்தை விட்டுவிட்டேன். துப்பாக்கிக்கு முன்பே பூட்டுப் பெட்டி வாங்கியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பதில் 3:
நல்ல முடிவு. புதுத் துப்பாக்கி வந்ததும் சேம்பரையும் குழலையும் நன்றாகத் துடைத்துவிட்டு, பிறகு தளத்துக்குக் கொண்டுபோங்கள். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு மறக்காதீர்கள்.