மறுமொழி: ‘ரியாக்‌ஷன்’ – மறுசெயலா, எதிர்ச்செயலா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பகடை உருட்டி, கதைமாந்தராக நடித்து ஆடும் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்துக்கு நாம் தயாரித்து வரும் தமிழ் விதித்தாளில் ‘ரியாக்‌ஷன்’ என்பதற்கு ‘மறுசெயல்’ என்று போன மாதம் முடிவு செய்தோம். ஆடுபவர் தம் முறைக்குக் காத்திராமல், வேறொன்று தூண்டியவுடன் செய்வதே அது. அந்த முடிவைக் கைவிட வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். இதுபற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கும் கீழே பதில் சொல்கிறேன். அன்று அதற்கு ஒப்புதல் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்த ஆட்டம் என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

என் அக்கா மகள் ஐந்தாம் நிலை மந்திரவாதியாக ஆடினாள். ஆட்டத்தை நடத்தியவன் நான். எதிரி தீக்கோள மந்திரத்தை ஏவுகிறான் என்று அறிவித்தேன். அவள் பேசாமல் இருந்தாள். நான் எட்டுப் பகடைகளை உருட்டி, காயத்தைக் கூட்டிச் சொல்லி, தோழர்கள் இருவர் நினைவிழந்து விழுந்த பிறகு, “இப்போது என் மறுசெயல். அந்த மந்திரத்தைத் தடுக்கிறேன்” என்றாள். நேரம் கடந்துவிட்டது என்றேன். “மறுசெயல் என்றுதானே மாமா எழுதியிருக்கிறது? அவன் செய்து முடித்தால்தானே நான் மறுத்துச் செய்ய முடியும்?” என்று தாளை என் பக்கம் நீட்டினாள். அவள் தமிழைச் சரியாகத்தான் படித்திருந்தாள். தாளில்தான் தவறு.

தமிழில் ‘மறு’ பெரும்பாலும் பின்னால் வருவதைக் குறிக்கும். மறுநாள், மறுமொழி, மறுபிறவி எல்லாமே முன்னது முடிந்த பிறகு வருபவை. இந்த ஆட்டத்தின் ‘ரியாக்‌ஷன்’ அப்படிப்பட்டதன்று. மூன்று மந்திரங்களைப் பாருங்கள். ‘கவுண்டர்ஸ்பெல்’: அறுபது அடிக்குள் ஒருவர் மந்திரம் போட்டுக்கொண்டிருக்கும்போதே குறுக்கிடுவது. ‘ஷீல்டு’: தாக்குதல் பட்டுவிட்டது என்று பகடை சொன்ன பிறகு, காயம் கணக்கிடப்படும் முன் போடுவது. காப்பெண்ணில் (அடி படுவதற்குப் பகடை எட்ட வேண்டிய எண்) ஐந்து கூடுவதால் பட்ட அடியே படாத அடியாகிவிடலாம். ‘ஹெல்லிஷ் ரிபியூக்’: காயம் பட்ட பிறகு, காயப்படுத்தியவரை நெருப்பால் சுடுவது. செயலுக்கு நடுவே ஒன்று, விளிம்பில் ஒன்று, முடிவுக்குப் பின் ஒன்று. மூன்றுக்கும் விதிநூல் ஒரே பெயரைத்தான் தருகிறது. ‘மறுசெயல்’ கடைசி ஒன்றுக்கு மட்டுமே பொருந்துகிறது.

2008இல் வந்த நான்காம் பதிப்பில் இந்தக் குழப்பம் இல்லை. முந்திக்கொண்டு குறுக்கிடுவதற்கு ஒரு பெயர், நடந்த பின் பதில் செய்வதற்கு வேறொரு பெயர் என்று பிரித்திருந்தார்கள். 2014இன் ஐந்தாம் பதிப்பு இரண்டையும் ஒரே சொல்லில் சேர்த்துவிட்டது. நான்காம் பதிப்பை மொழிபெயர்த்திருந்தால் இரண்டாவதற்கு ‘மறுசெயல்’ அழகாகப் பொருந்தியிருக்கும். நம் கையில் இருப்பதோ ஐந்தாம் பதிப்பு.

> இலங்கைப் பாடநூல்களில் ‘தாக்கம், மறுதாக்கம்’ என்றுதான் படித்தோம். நியூட்டனின் மூன்றாம் விதியில் மறுதாக்கம் பிந்தி வருவதில்லையே, ஐயா. அதே கணத்தில்தானே நிகழ்கிறது?

நல்ல கேள்வி. இதற்காகவே இரண்டு நாள் யோசித்தேன். இயற்பியலில் அந்தச் சொல்லை ஆசிரியர் விளக்கி, படம் வரைந்து, பயிற்சி கொடுத்துப் பதிய வைக்கிறார். ஆட்டத்தில் அதற்கு நேரமில்லை. ஒரு சுற்று என்பது கதைக்குள் ஆறு நொடி. புதிதாக வந்து உட்காரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லைப் பார்த்ததுமே ‘எப்போது’ என்பது ஓரளவாவது தெரிய வேண்டும். அதனால்தான் ‘எதிர்’ வேண்டும் என்கிறேன்.

‘எதிர்’ விந்தையான சொல். எதிரொலி, ஒலித்த பின் வருவது. விருந்தினரை எதிர்கொண்டு அழைக்கிறோம். அவர் வீட்டுக்குள் வரும் முன்பே வாசலுக்குப் போய்விடுகிறோம். எதிர்காலம் இன்னும் வரவே இல்லை. எதிரே நிற்பது இந்தக் கணத்தில் நிற்கிறது. முன், இப்போது, பின் என்று மூன்று காலத்தையும் தாங்கும் முன்னொட்டு நம்மிடம் இருக்கும்போது ‘மறு’வை ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? எதிர்ச்செயல் என்றே வைப்போம்.

> ‘எதிர்வினை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிய சொல் எதற்கு?

வேறு எந்த ஆட்டமாக இருந்தாலும் நானும் அதையே ஏற்பேன். இது மந்திரவாதிகளின் ஆட்டம். இங்கே ‘வினை’யை அடிச்சொல்லாக வைத்தால் ‘செய்வினை’ என்று யாராவது ஒருநாள் எழுதத்தான் போகிறார்கள். அது இலக்கணத்தில் ஒரு பொருளும் சூனியத்தில் இன்னொரு பொருளும் உடையது. ‘செயல்’ எந்தச் சுமையும் இல்லாத சொல். அதோடு செயல், எதிர்ச்செயல் என்று ஒரே குடும்பமாக நிற்பது தாளைப் படிப்பவருக்கு உதவும்.

எதிர்ச்செயல் என்றால் பகைமை தொனிக்கிறது, மலையிலிருந்து விழும் தோழரை இறகுபோல் மெல்ல இறக்கும் ‘ஃபெதர் ஃபால்’ மந்திரத்துக்கு அது பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எதிர்கொள்வதில் பகைமை இல்லை. அங்கே நாம் எதிர்கொள்வது விழுதலை.

ஒரே ஓர் எச்சரிக்கை. இதை ஏற்றால் ‘கவுண்டர்ஸ்பெல்’லுக்கு ‘எதிர்மந்திரம்’ என்று வைக்கக் கூடாது. எதிர்ச்செயலாகப் போடும் எல்லா மந்திரங்களும் எதிர்மந்திரம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். ‘மந்திர மறிப்பு’ என்று வைக்கலாம். சாலை மறியலில் மறிப்பது வந்துகொண்டிருக்கும் பஸ்ஸை. நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பஸ்ஸை யாரும் மறிப்பதில்லை. இந்தச் சொல் தாளில் இருந்திருந்தால் என் அக்கா மகள் தீக்கோளம் வெடிக்கும்வரை காத்திருக்க மாட்டாள்.

சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. “ஒருவர் மந்திரம் ஏவினால்” என்று நாம் எழுதிய வரியும் மாற வேண்டும். ‘ஏவினால்’ என்பதற்கு ஏவும்போது என்றும் பொருள், ஏவி முடித்தால் என்றும் பொருள். தமிழில் காலத்தைத் துல்லியமாகச் சொல்ல வினையெச்சங்கள் எத்தனையோ இருக்க, இரண்டுக்கும் பொதுவானதைப் பிடித்திருக்கிறோம். மறிப்புக்கு ‘-ஏவும்போதே’, ஷீல்டுக்கு ‘-பட்டவுடன்’, நெருப்புக்கு ‘-காயப்பட்ட பின்’ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதித் தருகிறேன்.

அடுத்து ‘போனஸ் ஆக்‌ஷன்’. ஒருவர் தம் முறையில் முதன்மைச் செயலைத் தவிரச் செய்யக்கூடிய இன்னொரு செயல் அது. இதில் ‘போனஸ் செயல்’ என்றே விடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தீபாவளி போனஸ் என்றால் எல்லாருக்கும் உரியது, கேட்டு வாங்கலாம் என்று நமக்குப் பழகிவிட்டது. இந்த ஆட்டத்தில் ஏதேனும் ஒரு திறனோ மந்திரமோ தந்தால்தான் அது உண்டு. ஒரு முறைக்கு ஒன்றுதான். ‘துணைச்செயல்’ என்ற பரிந்துரையும் வேண்டாம். துணைவினைபோல் அது முதன்மைச் செயலின் பின்னால் வரும் என்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் அதை முதலிலேயே செய்யலாம், முதன்மைச் செயலே இல்லாமலும் செய்யலாம். தொலைவில் நின்று ஒரே சொல்லால் தோழரைக் குணப்படுத்துவதும் முப்பது அடி தள்ளி மறைந்து தோன்றுவதும் இந்த வகை. அவற்றை ஒன்றுசேர்ப்பது விரைவு ஒன்றுதான். ஆகவே விரைசெயல், வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது.

விரைசெயலாக ஒரு மந்திரம் போட்டால் அதே முறையில் வேறென்ன போடலாம் என்பது 2014 விதிப்படி ஒன்று, 2024 திருத்தத்தின்படி வேறொன்று. முன்னதில், செயலாகப் போடும் ‘கேன்ட்ரிப்’ (எத்தனை தடவை வேண்டுமானாலும் போடக்கூடிய சிறு மந்திரம்) மட்டும் போடலாம். பின்னதில், மந்திர இருப்பை (பெரிய மந்திரங்களை இத்தனை தடவைதான் போடலாம் என்ற கணக்கு) செலவழித்துப் போடுவது ஒரு முறைக்கு ஒன்றுதான் என்று எளிமையாக்கிவிட்டார்கள். தாளில் 2024இன் விதியையே வைப்போம். கேன்ட்ரிப்புக்குக் கைவைத்தியம்போலக் ‘கைமந்திரம்’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அருமையான சொல், மாற்றவே வேண்டாம்.

இதை எழுதும்போதுதான் பெரிய சிக்கல் ஒன்று கண்ணில் பட்டது. மந்திரத்தைக் ‘காஸ்ட்’ செய்வதற்கு, அதாவது போடுவதற்கு, நாம் வைத்த ‘ஏவுதல்’ சரிதானா? ஒருவர் தம் முறையில் மந்திரத்தைப் போட்டு, விடாமல் பிடித்து வைத்து, பிறகு எதிர்ச்செயலால் வெளியே விடலாம். மந்திர இருப்பு பிடித்து வைக்கும்போதே செலவாகிவிடும். இடையில் மன ஒருமை குலைந்தால் மந்திரம் வீணாகும். மறிப்பு செல்லுபடியாவது முதல் கணத்தில்தான், வெளியே விடும்போது இல்லை. ஆக, இரண்டு கணங்களுக்கு இரண்டு சொற்கள் வேண்டும். ஏவுகணையை ஏவுவதுபோல, ‘ஏவுதல்’ இரண்டாவதற்குத்தான் உரியது.

முதலாவதற்கு ‘ஓதுதல்’ என்று முதலில் நினைத்தேன். ஆனால் வாய் திறக்காமல் கையசைவால் மட்டும் போடும் மந்திரங்களும் உள்ளன, மறிப்பே அப்படித்தான். அதனால் ‘மந்திரித்தல்’ என்று முன்வைக்கிறேன். மந்திரித்த கயிறு, மந்திரித்த தாயத்து என்று ஊரில் சொல்வதுதான். மந்திரித்துப் பிடித்து வைத்தான், பிறகு ஏவினான் என்று எழுதிப் பாருங்கள். நேரக்கணக்கு முழுவதும் அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. இதை ஏற்றால் மேலே மறிப்புக்கு நான் எழுதியதும் ‘மந்திரிக்கும்போதே’ என்று மாறும். ‘மந்திரி’ என்ற பெயர்ச்சொல்லோடு குழம்புமா என்பதுதான் என் ஒரே தயக்கம். அடுத்த ஞாயிறு அதே பிள்ளைகள் வருகிறார்கள். சனிக்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், அன்று இரவு தாளை மறுபடி அச்சிட வேண்டும்.

அன்புடன்.