வெள்ளிக் கணக்கு: பின்னமே இல்லாமல் மாயர்கள் எப்படிச் சரிக்கட்டினார்கள்?

நிலாமுற்றம் (கேள்வி)

மெக்சிகோ, குவாத்தமாலா பகுதியின் பழங்குடியினரான மாயர்களின் நாட்காட்டியைப் பற்றி இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 13 எண்ணும் 20 நாட்பெயரும் சேர்ந்து ஓடும் 260 நாள் சுற்று, அதன் பக்கத்தில் 365 நாள் சுற்று, இரண்டும் 18,980 நாளுக்கு ஒருமுறை புறப்பட்ட இடத்திலேயே சந்திப்பது, அதாவது 52 ஆண்டு. இதுவரை பிடிபட்டுவிட்டது. வெள்ளிக் கோளின் கணக்கில்தான் மாட்டிக்கொண்டேன்.

வெள்ளி ஒருமுறை விடிவெள்ளியாகத் தோன்றி, மறைந்து, அந்தியில் வந்து, திரும்பவும் விடிவெள்ளியாகத் தோன்ற சராசரியாக 583.92 நாள் ஆகும். மாயர் அட்டவணையில் இருப்பது 584. பின்னம் எழுதும் வழக்கமே அவர்களிடம் இல்லை. அப்படியிருக்க, 481 ஆண்டுக்கு இரண்டே மணி நேரம்தான் பிழை என்று போகிற இடமெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எப்படி முடியும்? மிகைப்படுத்துகிறார்களா?

ஐந்தொகை

கணக்கு எழுதுவது என் தொழில். மாயர் எழுதிய டிரெஸ்டன் சுவடியின் (ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருப்பதால் அந்தப் பெயர்) படங்களை முதலில் திறந்தபோது தெய்வ உருவங்களைவிட அவற்றுக்குக் கீழே இருந்த எண்கள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. வெள்ளி அட்டவணை 24-ஆம் பக்கத்தில் தொடங்கி 46 முதல் 50 வரை போகும். (இடையில் பக்கம் எதுவும் தொலையவில்லை. பிற்காலத்தில் எண் போட்டதில் வந்த தாவல் அது.) ஐந்து பக்கம், பக்கத்துக்கு ஒரு வெள்ளிச் சுற்று. ஒவ்வொன்றின் அடியிலும் அதே நான்கு எண்கள்: 11-க்குக் கீழே 16, 4-க்குக் கீழே 10, 12-க்குக் கீழே 10, சுழியத்துக்குக் கீழே 8. மேலே இருப்பதை 20-ஆல் பெருக்கிக் கீழே இருப்பதைக் கூட்டுங்கள். விடிவெள்ளியாக 236, மறைவில் 90, அந்தியில் 250, மறுபடி மறைவில் 8. மொத்தம் 584.

ஐந்து சுற்று 2,920 நாள், அதாவது சரியாக எட்டு 365. அட்டவணையைப் 13 முறை ஓட்டினால் 65 சுற்று, 37,960 நாள். அது 260-ஆலும் மீதியில்லாமல் வகுபடும். 1 அஹாவ் என்ற நாளில் புறப்பட்டு 1 அஹாவிலேயே வந்து நிற்கும். ஆனால் அதற்குள் வானத்தில் வெள்ளி ஐந்து நாள் முந்திவிட்டது.

இப்போது நீங்கள் கேட்ட இடம். ஐந்து நாளை அப்படியே கழிக்க முடியாது. கழித்தால் 1 அஹாவ் போய்விடும். அது வெள்ளியின் நாள், அதை விட அவர்களுக்கு மனமில்லை. அதனால் 61-ஆவது சுற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது முடிகிற நாள் 5 கான். அங்கிருந்து விரல்விட்டுப் பின்னால் எண்ணுங்கள்: 4 அக்பால், 3 இக், 2 இமிஷ், 1 அஹாவ். நாலே நாள்! அந்த நாலைக் கழித்தால் பிழையும் பெரும்பாலும் தீர்கிறது, நாளும் கையை விட்டுப் போகவில்லை. இதை முதன்முதலில் நானே போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறமும் சுமார் 0.8 நாள் பாக்கி நிற்கும். நாலு தடவை இப்படிச் செய்தால் அது மூன்று நாளுக்கு மேல் சேர்ந்துவிடும். ஐந்தாம் தடவை 57-ஆவது சுற்றிலேயே நிறுத்துகிறார்கள். அது 9 லமாட். எட்டு நாள் பின்னால் போனால் மறுபடி 1 அஹாவ். தேவைக்கு மேல் மூன்றரை நாள் கழிவதால் பழைய பாக்கி அடைபடுகிறது. ஆக 301 சுற்றுக்கு, அதாவது சுமார் 481 ஆண்டுக்கு, 24 நாள் கழிவு.

இரண்டு மணி நேரம் என்பது 583.92 என்று சுருக்கிப் பெருக்குவதால் கிடைப்பது. 583.9214 என்று எடுத்தால் சுமார் எட்டு மணி நேரம் வரும். எதுவானாலும் 481 ஆண்டில் ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

நிலாமுற்றம்

தாளில் போட்டுப் பார்த்தேன், அப்படியே வருகிறது. மிக்க நன்றி. ஆனால் நாலு தடவை 61, ஒரு தடவை 57 என்பது சுவடியிலேயே எழுதியிருக்கிறதா?

ஐந்தொகை

அந்த வரிசை அப்படியே எழுதப்படவில்லை. அதை 1930-இல் முன்வைத்தவர் ஜான் டீப்பிள் என்ற வேதிப் பொறியாளர். ஆனால் 24-ஆம் பக்கத்தில் 33,280, 68,900 என்ற இரண்டு எண்கள் இருக்கின்றன. முதலாவது 57 சுற்றில் எட்டு நாள் கழித்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 35,620, அதாவது 61 சுற்றில் நாலு நாள் கழித்தது. கழிவு அவர்களுடையது, ஐயமே வேண்டாம். 4-க்கு 1 என்ற விகிதத்தில்தான் நடைமுறையில் செய்தார்களா என்பதை நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 584-ஐப் பிரித்த விதம் வானத்தோடு ஒட்டவில்லை. சூரியனுக்குப் பின்னால் வெள்ளி மறைந்திருப்பது ஏறக்குறைய 50 நாள், அட்டவணையில் 90. ஆனால் 236 நாள் என்பது எட்டு நிலா மாதம். வெள்ளியை நிலாவோடும் இணைத்துப் பார்த்தார்கள் என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது.

கரும்பலகை

கிரகண அட்டவணையையும் பாருங்கள், அதே சுவடிதான். 405 நிலா மாதத்துக்கு 11,960 நாள். அது 46 முறை 260. வகுத்தால் மாதத்துக்கு 29.5309 நாள், இன்றைய அளவு 29.5306. இவ்வளவு தெரிந்தவர்கள் அழிந்துபோனதுதான் வருத்தம்.

ஐந்தொகை

அழியவில்லை ஐயா. அழிக்கப்பட்டவை சுவடிகள். 1562-இல் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் மானி என்ற ஊரில் டியேகோ தே லாந்தா என்ற பாதிரியார் கொளுத்தினார். மாயர்கள் மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். குவாத்தமாலா மலைநாட்டில் கிச்சே மக்களிடையே நாள் எண்ணுகிறவருக்கு அஹ்கிஹ் என்று பெயர். மொமோஸ்தெனாங்கோ என்ற ஊரில் 8 பாட்ஸ் என்ற நாள் வரும்போதெல்லாம் விழா எடுக்கிறார்கள். அதே 260 நாள் சுற்றுதான், இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.