கீமோ அம்மாவுக்கு, நாற்காலி நமக்கு: கூட இருந்தவர்களின் அனுபவங்கள்

அம்மாவுக்கு வந்தது ரத்தப் புற்றுநோய், அதில் ஏஎம்எல் என்கிற வகை. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளை அணுக்கள் கண்டபடி பெருகி, நல்ல அணுக்கள் உருவாக இடமில்லாமல் செய்துவிடும். கட்டி என்று ஒன்று இல்லை, வெட்டி எடுக்க எதுவும் இல்லை. நேராகக் கீமோதான்.

உறவினர்கள் கேட்ட முதல் கேள்வி, "எப்போ வீட்டுக்கு?" டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். ஒரு மருந்து ஏழு நாள் இரவும் பகலும் ட்ரிப்ஸில் ஏறும். முதல் மூன்று நாள் அதனோடு இன்னொரு மருந்தும் சேரும். 'செவன் பிளஸ் த்ரீ' என்பார்கள், 1970களிலிருந்து இருக்கிற முறை. மருந்து ஏழாம் நாளோடு முடிந்துவிடும், காத்திருப்பு அதற்கப்புறம்தான் ஆரம்பம். கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களும் போய்விடுவதால் மஜ்ஜை மறுபடி வேலையைத் தொடங்க மூன்று, நாலு வாரம் ஆகும். அதுவரை உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று எதுவும் இருக்காது. ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாது.

அந்த வாரங்களில் கூட இருப்பவருக்கு என்ன வேலை? போனில் கூப்பிட்ட எல்லோரும் என்னிடம் சொன்னது, "அம்மாவுக்குத் தைரியம் சொல்லு." தைரியம் அம்மாவிடம் என்னைவிட அதிகமாகவே இருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது, நடப்பதைக் கவனித்து, எழுதிவைத்து, சரியான ஆளிடம் சரியான நேரத்தில் சொல்ல ஒரு ஆள். டாக்டர் ரவுண்ட்ஸில் வந்து சில நிமிடம் நிற்பார். சிஸ்டர்கள் ஷிப்டுக்கு ஷிப்டு மாறுவார்கள். நேற்று மாலை எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று இரண்டையும் பார்த்தவர் நாற்காலியில் இருப்பவர் மட்டும்தான். அதனால் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். காய்ச்சல், வாய்ப்புண், மலம் போனதா, எவ்வளவு சாப்பிட்டார், எந்த மருந்துக்குப் பிறகு வாந்தி வந்தது, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், எல்லாம் அதில்தான்.

அந்த மூன்று நாள் மருந்து சிவப்பாக இருக்கும். ஏறியபின் சிறுநீரும் சிவப்பாகப் போகும். சிஸ்டர் முன்கூட்டியே சொன்னதால் நாங்கள் பயப்படவில்லை. பக்கத்து அறையில் யாரும் சொல்லாமல் விட்டிருந்தார்கள், அந்தப் பையன் ரத்தம் போகிறது என்று அலறியடித்து ஓடிவந்தான்.

காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை இறங்கி, கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுவான நியூட்ரோபில் 500க்குக் கீழே போனபின் வருகிற காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டால் உடனே சொல்லிவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்திருக்கிற இலக்கு. சீழ் பிடிக்கக்கூட வெள்ளை அணு வேண்டுமாம், அது இல்லாததால் கிருமி எங்கே இருக்கிறது என்றே வெளியில் தெரியாது. காய்ச்சல் மட்டும்தான் ஒரே அடையாளமாக இருக்கலாம். ஒரு இரவு அம்மா போர்வையை இழுத்துக்கொண்டு "ஏசியக் குறைக்கச் சொல்லு" என்றார். தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பு உதறத் தொடங்கியது, அப்புறம்தான் காய்ச்சல் ஏறியது. குளிர் முன்னால் வரும், சூடு பின்னால் வரும். பார்க்க வந்திருந்த ஒரு உறவினர் பையிலிருந்து பாராசிட்டமால் எடுத்து நீட்டினார். நல்ல மனசுதான். ஆனால் கேட்காமல் அதைக் கொடுத்தால் காய்ச்சல் மறையும், தொற்று அப்படியே இருக்கும்.

பார்க்க வருகிறவர்கள் தனிப் பிரச்சினை. சளியோடு வந்து, "தூரத்துலேர்ந்து பார்த்துட்டுப் போறேன்" என்று வாசலில் நிற்பார்கள். வேண்டாம் என்றால் கோபம். பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள், அவருக்கு அது பழக்கம்.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்பவர்களுக்கு நல்ல பதில், பிளேட்லெட், ரத்தம் உறைய உதவுகிற அணுக்கள். எண்ணிக்கை 10,000க்குக் கீழே போனால் பொதுவாக ஏற்றுவார்கள். எல்லோரும் முதல் நாளே கொடுக்கத் துடிப்பார்கள். ஆனால் பிளேட்லெட்டை வழக்கமாக ஐந்து நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. அதை ஃப்ரிட்ஜில் வைக்காமல், அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உண்மையில் ஆள் தேவைப்படுவது இரண்டாம், மூன்றாம் வாரத்தில். அதனால் பெயர் கொடுத்தவர்களை வரிசைப்படுத்தி, "உங்களை அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவைத்தேன். இன்னொன்று, பின்னால் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வாய்ப்பு இருந்தால் ரத்த சொந்தங்கள் பிளேட்லெட் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள். எங்களை வேண்டாம் என்றார்கள்.

ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். அம்மா கையை உயர்த்தி, "டாக்டர், வியாதி எனக்கு. என்னைப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அன்றிலிருந்து கையெழுத்து எல்லாம் அம்மாதான் போட்டார். மொட்டை எப்போது அடிப்பது என்பதும் அவர் முடிவுதான். முடி கொட்டத் தொடங்கியதும் கொத்துக் கொத்தாகத் தலையணையில் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அன்றைக்கே எடுக்கச் சொல்லிவிட்டார்.

* * *

மேலே எழுதியவர் கடைசியாகச் சொன்ன, அம்மாவிடமே நேராகப் பேசுகிற விஷயத்துக்காகத்தான் நான் எழுதுகிறேன். எங்கள் அம்மாவுக்கு சினைப்பையில் புற்றுநோய். வீட்டில் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். "வயித்துல புண்ணு, அது ஆற மருந்து ஏத்துறாங்க" என்று அப்பா ஒரு கதை கட்டினார். நான் சொல்லிவிடலாம் என்றேன். மகள் பேச்சு எடுபடவில்லை.

கீமோ ஏற்றும் அறையில் வரிசையாக நாற்காலிகள். பக்கத்து நாற்காலிக்காரம்மா பேச்சுவாக்கில், "உங்களுக்கு எந்த இடத்துல?" என்று கேட்டார். நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா சாவகாசமாக, "சினைப்பைங்க. மூணாவது ஸ்டேஜு" என்றாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். "எப்படிம்மா தெரியும்?" என்றேன். "வாசல்ல அவ்ளோ பெரிய போர்டு மாட்டியிருக்கு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்ல? உங்கப்பாதான் பயப்படறாரு, அதான் நானும் புண்ணுன்னே இருந்துட்டேன்." மறைத்தது நாங்கள் என்று நினைத்திருந்தோம், மறைத்துக்கொண்டிருந்தது அவள். அதற்கப்புறம் வீட்டில் பேச்சு எவ்வளவு லேசானது என்று சொல்லி முடியாது. வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றாள். பயமாக இருக்கிறது என்றுகூட ஒருமுறை சொன்னாள்.

எல்லா அம்மாக்களும் தெரிந்துகொள்ள விரும்புவார்கள் என்று நான் சொல்லவில்லை. "உனக்கு எவ்வளவு தெரியணும்?" என்று அவரிடமே கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் அப்பாவிடமோ அண்ணனிடமோ கிடைக்காது.

அம்மாவுக்குக் கொடுத்தது கார்போபிளாட்டின், பேக்ளிடாக்ஸல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அலர்ஜி வராமல் இருக்க முன்னால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதனால் கீமோ அன்றைக்கு அம்மா ஒரே சுறுசுறுப்பு, இரவு தூக்கம் வராமல் பேசிக்கொண்டே இருப்பாள். மூன்றாம் நாள் தரையோடு தரையாகிவிடுவாள். கை கால் வலி, யாரிடமும் பேச்சில்லை. முதல் இரண்டு நாளில் பார்த்துவிட்டுப் போன உறவுகள் "ஒண்ணுமே ஆகல, நல்லாத்தான் இருக்காங்க" என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள். உதவிக்கு ஆள் கூப்பிடுவதாக இருந்தால் மூன்றாம் நாளிலிருந்து கூப்பிடுங்கள்.

விரல் நுனி மரத்துப்போவதை அம்மா சொல்லவே இல்லை. ரவிக்கை ஊக்கு மாட்ட அவள் தடுமாறியதைப் பார்த்து நான்தான் டாக்டரிடம் சொன்னேன். உடனே அளவைக் குறைத்தார்கள். சொல்லாமல் விட்டால் அந்த மரத்துப்போதல் நிரந்தரமாகவும் தங்கிவிடலாம் என்றார். வாயில் எல்லாம் இரும்பு ருசி என்பாள். பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு மாறியதும் கொஞ்சம் தேவலை.

நோய் எப்படிப் போகிறது என்று பார்க்க எடுக்கிற சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை எண் வந்துவிட்டால் அண்ணனுக்கு அன்றைய பொழுது அதோடு சரி. ஏறினால் அழுகை, இறங்கினால் கொண்டாட்டம். அந்த எண் வேறு காரணங்களாலும் கூடும், ஸ்கேனோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டான். கடைசியில் ரிப்போர்ட்டை அவனுக்கு அனுப்புவதையே நிறுத்தினேன்.

* * *

நான் நர்ஸ். புற்றுநோய் வார்டில் வேலை பார்த்திருக்கிறேன், பிறகு என் அம்மாவுக்கே அட்டெண்டராக உட்கார்ந்தும் இருக்கிறேன். முதலில் எழுதிய தம்பியின் நோட்டு மாதிரி ஒன்றைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் சிலர் நோட்டையும் மானிட்டரையும் பார்த்துக்கொண்டு ஆளைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்லச் சொல்வோம். அம்மாக்கள் எல்லோரும் "பரவால்ல சிஸ்டர்" என்பார்கள். அது எண்ணே இல்லை! "நேத்து ராத்திரி எத்தனை தடவை முழிச்சீங்க?", "புரண்டு படுக்க முடியுதா?" என்று கேட்டால் உண்மை வரும். மார்ஃபின் என்றதும் பல குடும்பங்கள் அடிமையாகிவிடுவார் என்று பயந்து மருந்தைத் தள்ளிப்போடுகின்றன. புற்றுநோய் வலிக்கு முறையாக அளவு பார்த்துக் கொடுக்கும்போது அந்தப் பயத்துக்கு இடம் குறைவு. கவலைப்பட வேண்டியது மலச்சிக்கலைப் பற்றி. மார்ஃபினோடு சேர்த்தே அதற்கும் மருந்து எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று, வயதானவர்கள் பல நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் திடீரென்று ராத்திரியில் குழம்பிப்போவார்கள். டியூபைப் பிடுங்குவார்கள், இறந்துபோனவர்களைக் கூப்பிடுவார்கள். என் அம்மா என்னையே யாரென்று கேட்டார். நர்ஸாக எத்தனையோ பேரிடம் பார்த்ததுதான், சொந்த அம்மாவிடம் பார்க்கும்போது கால் நடுங்குகிறது. இது பைத்தியம் இல்லை. தொற்று, மருந்து, நீர் வற்றுதல், தூக்கமின்மை என்று பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள். புதிதாகக் குழம்பினால் வயசு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி, காது மிஷின் இருந்தால் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னல் திரையைத் திறந்துவையுங்கள். அவர் சொல்வது தப்பு என்று வாதாடாதீர்கள்.

அட்டெண்டரும் தூங்க வேண்டும். ராத்திரி ரவுண்ட்ஸில் அதிகம் பயமுறுத்துவது நாலு நாள் தூங்காத மகள்தான்.

* * *

என் அம்மா இப்போது இல்லை, அதனால் இதை எழுதலாமா என்று யோசித்தேன். நுரையீரல் புற்றுநோய், பரவிய பிறகுதான் தெரிந்தது. வலி நிவாரணச் சிகிச்சைப் பிரிவைப் பார்க்கச் சொன்னபோது "கைவிட்டுட்டாங்க" என்று வீட்டில் ஒரே ரகளை. அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். 2010இல் வெளிவந்த ஒரு ஆய்வில், இதே மாதிரி முற்றிய நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் ஆரம்பத்திலிருந்தே இந்தக் கவனிப்பும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. அதோடு அவர்கள் சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். கீமோவை நிறுத்திவிட்டுப் போகிற இடம் இல்லை அது, கீமோவோடு சேர்ந்தே போகிற இடம்.

அம்மாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி வியாதியைப் பற்றியதே இல்லை. "ஒரு நாள்ல உங்களுக்கு எது முக்கியம்?" அம்மா யோசிக்காமல், "காலைல நானே குளிக்கணும்" என்றார். அதற்குத் தகுந்த மாதிரி மூச்சுத்திணறலுக்கான மருந்து நேரத்தை மாற்றினார்கள், குளியலறையில் ஒரு ஸ்டூல் போடச் சொன்னார்கள். ரொம்ப நாள் அவரே குளித்தார். எங்களுக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை, நாங்கள் ஸ்கேனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

* * *

முதலில் எழுதியவன்தான். நர்ஸ் அக்கா சொன்ன மானிட்டர் விஷயம் சுருக்கென்று பட்டது, நன்றி.

சிலர் வேலையை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ராத்திரி நான், பகல் தங்கை. வெளியூரில் இருக்கும் அண்ணனால் வர முடியவில்லை, ஆனால் உறவினர்களின் போன் முழுவதும் அவன் பொறுப்பு. தினம் மாலை நான் அவனுக்கு ஒரு செய்தி அனுப்புவேன், மற்றவர்களுக்கு எல்லாம் அவன் சொல்லிவிடுவான். இது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தால்தான் தெரியும்.

அம்மாவுக்கு முதல் சுற்றிலேயே மஜ்ஜையில் கெட்ட அணுக்கள் தெரியாத அளவுக்குச் சுத்தமாகிவிட்டது. இப்போது அடுத்த கட்டம், முதல் சுற்றில் ஏழு நாள் ஏறிய அதே மருந்துதான், அளவு ரொம்ப அதிகம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றுவதற்கு முன்னும் சிஸ்டர் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். மருந்து சிறுமூளையைத் தொட்டால் கையெழுத்து கோணலாகுமாம், அதைப் பார்க்கத்தான். "பேங்க்லகூட என்னை இத்தனை தடவை கேட்டதில்ல" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே போடுகிறார். இதுவரை நேராகத்தான் இருக்கிறது. வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள், இந்த வாரம் பதில் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.