சும்மா சுற்றுவதற்கு எந்த ஆங்கிலச் சொல் போடலாம்?

ஒரு தமிழ்ச் சிறுகதையை ஆங்கிலத்தில் பெயர்க்கிறேன், ஒரே ஒரு வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், யாராவது உதவுங்கள். கதையில் ஓய்வுபெற்ற ஒருவர் சாயங்காலமானால் செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கே போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு வருவார். சோகமும் இல்லை, உல்லாசமும் இல்லை.

'வாண்டர்' போதும் என்கிறார் நண்பர். எனக்கென்னவோ ஒட்டவில்லை, மறதி நோயில் வழி தவறிப் போகிறவர்களுக்கும் அதைத்தானே எழுதுகிறார்கள்! 'ஸ்ட்ரோல்', 'ஸான்டர்' இரண்டிலும் கொஞ்சம் சொகுசு தெரிகிறது. 'ராம்பிள்' என்றால் பிரிட்டனில் வயல், குன்று என்று கிராமப்புறத்தில் நடப்பது. 1932-இல் கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் நடக்கும் உரிமை கேட்டுத் தடையை மீறி ஏறினார்களே, அவர்களும் ராம்ப்ளர்கள்தான். நம் ஆள் மார்க்கெட் தெருவைத் தாண்டுவதில்லை. 'ட்ரெய்ப்ஸ்' போட்டால் அலுப்பு வந்துவிடுகிறது. 'காலிவான்ட்' என்றால் கேளிக்கை தேடி ஊர் சுற்றுவது, அது அவர் மனைவி திட்டுவதற்கு வேண்டுமானால் பொருந்தும் (அந்த வசனத்துக்கு எடுத்துவைத்திருக்கிறேன்).

இப்போதைக்கு மனதில் இருப்பது 'மியாண்டர்'. துருக்கியில் வளைந்து வளைந்து ஓடும் ஓர் ஆற்றின் பழைய பெயரிலிருந்து வந்த சொல். ஆனால் மனிதர் நடப்பதற்கு, அதுவும் தினசரிப் பழக்கத்துக்கு, அது இயல்பாக இருக்குமா? இல்லை, ஒற்றைச் சொல்லைத் தேடாமல் வாக்கியத்தையே உடைத்து எழுதிவிடலாமா? சொல்லை மட்டும் சொல்லாமல் ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டினால் பெரிய உதவி. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.