வீடியோ போட்டா கைதட்டுறாங்க, அடுத்த வாரம் கேட்டா ஒண்ணும் நிக்கல. எங்க தப்பு?

நாலாம் பீரியட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கரூர் பக்கம் ஒரு அரசு நடுநிலைப்பள்ளியில எட்டாம் வகுப்புக்கு அறிவியல், சமூக அறிவியல் ரெண்டும் நான்தான் எடுக்குறேன். போன வருஷம் கிளாசுக்கு ஒரு பெரிய டிவி வந்துச்சு, நெட் சரியா வராதுன்னு வீட்லயே வீடியோ இறக்கி பென் டிரைவ்ல கொண்டுபோறேன். கல்வி தொலைக்காட்சி வீடியோ, புத்தகத்துல இருக்குற கியூஆர் கோடு வீடியோ, யூடியூப்ல கிடைக்கிறதுன்னு எல்லாமே போடுவேன்.

ஜூன்ல பருவகாலம் எப்படி மாறுதுன்னு ஒரு ஏழு நிமிஷ வீடியோ போட்டேன். நல்ல தமிழ், அருமையான அனிமேஷன், பசங்க அசையாம பாத்தாங்க, முடிஞ்சதும் கைதட்டி இன்னொருக்கா போடுங்க டீச்சர்னு கேட்டு ரெண்டாவது தடவையும் போட்டேன். புரிஞ்சுதான்னு கேட்டா ஒரே குரல்ல புரிஞ்சுதுன்னாங்க. அடுத்த வாரம் சும்மா ஒரு துண்டுப் பேப்பர்ல, அக்னி நட்சத்திரத்துல ஏன் வெயில் இப்படி கொளுத்துதுன்னு எழுதச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் "அப்ப பூமி சூரியனுக்குக் கிட்ட போயிடுது"ன்னு எழுதியிருந்தாங்க. ரெண்டு தடவை பாத்த பிறகும்! அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

வரலாறும் அதே கதைதான், பாக்குறப்ப கண்ணு கலங்குறாங்க, அப்புறம் எந்த வருஷம், எந்த ஊர்னு ஒண்ணும் தெரியல. இதுபோக காலையில பேப்பர் செய்தி பேசுற அஞ்சு நிமிஷத்துல வீட்டு போன்ல வந்த வீடியோவைப் பத்தி கேக்குறாங்க, எது நிஜம்னு எனக்கே சில நேரம் தெரியல. வீடியோவை விட்டுடவும் மனசு வரல. நீங்கல்லாம் எப்படி பண்றீங்க?

உந்துவிசை எழுதியது:

டீச்சர், நான் பிளஸ் டூ இயற்பியல் எடுக்குறவன், இதே அடி எனக்கும் விழுந்துருக்கு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நீங்க போட்ட வீடியோவை நான் பாக்கல, ஆனா அதுல பூமி சுத்துற பாதையை முட்டை மாதிரி நீளமா வரைஞ்சிருந்தாங்களான்னு பாருங்க. நிறைய வீடியோல சாய்ஞ்ச கோணத்துல காட்டுறதால பாதை நசுங்கித் தெரியும், சூரியன் ஒரு பக்கம் ஒட்டின மாதிரி இருக்கும். பசங்க மனசுல ஏற்கனவே "கிட்ட போனா சூடு"ங்கிறது இருக்கு, அடுப்புக்கிட்ட நின்னா சுடுதுல்ல, அந்த அனுபவம். படம் அதையே ஆமான்னு சொல்லிடுது, பூமியோட அச்சு சாய்ஞ்சிருக்குறதாலதான் பருவம் மாறுதுன்னு பின்னாடி ஓடுற குரல் சொல்றது காதுலயே ஏறாது. உண்மையில ஜனவரி முதல் வாரத்துல பூமி சூரியன்ல இருந்து சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலை முதல் வாரத்துல சுமார் 15.2 கோடி. வித்தியாசம் மூணு சதவீதத்தை ஒட்டிதான், காகிதத்துல வரைஞ்சா வட்டம்னுதான் சொல்லுவோம். அதாவது மார்கழியில விடியக்காலம் பல்லு கிட்டிக்கிட்டு கோலம் போடுறப்பதான் சூரியனுக்கு ரொம்ப கிட்ட இருக்கோம்! இதை வீடியோ போடுறதுக்கு முன்னாடி போர்டுல எழுதிட்டு அப்ப ஏன் குளிருதுன்னு கேளுங்க. பசங்க தடுமாறட்டும். தடுமாறுனதுக்கு அப்புறம் பாக்குற வீடியோதான் உள்ள போகும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்ல. டெரெக் முல்லர்னு ஒருத்தர், இப்ப பெரிய யூடியூப் சேனல் வச்சிருக்கார், 2008ல சிட்னி பல்கலைக்கழகத்துல பிஎச்டிக்கு இதையேதான் ஆராய்ச்சி பண்ணினார். தெளிவா விளக்குற வீடியோ பாத்தவங்க நல்லா புரிஞ்சுதுன்னாங்க, ஆனா டெஸ்ட்ல பெருசா மாற்றம் இல்ல. தப்பான கருத்தை முதல்ல பேச வச்சு அப்புறம் உடைக்கிற வீடியோ பாத்தவங்க குழப்பமா இருந்துச்சுன்னாங்க, ஆனா அவங்கதான் அதிகமா கத்துக்கிட்டாங்க. அந்தக் கைதட்டலை நம்பாதீங்க டீச்சர், பசங்க பொய் சொல்லல, புரிஞ்ச மாதிரிதான் அவங்களுக்கும் இருக்கும்.

நான் வருஷா வருஷம் போடுறது ஒண்ணு. 1971 ஆகஸ்ட் 2, அப்பல்லோ 15ல போன டேவிட் ஸ்காட் நிலாவுல நின்னு ஒரு கையில சுத்தியல், இன்னொரு கையில ராஜாளி இறகு, ரெண்டையும் ஒரே நேரத்துல விடுவார். சுத்தியல் 1.32 கிலோ, இறகு 30 கிராம். அவர் கையை விடுறதுக்கு முன்னாடி நிறுத்திடுவேன். எது முதல்ல விழும்னு நோட்டுல எழுதுங்க, காரணத்தோட எழுதுங்க, எழுதி கையெழுத்தும் போடுங்கன்னு சொல்லுவேன். பத்து நிமிஷம் கிளாஸ் சந்தைக்கடைதான். அப்புறம் விடுவேன், அங்க காத்து இல்லாததால ரெண்டும் ஒண்ணாவே விழும், விழுறது ரெண்டு செகண்டு கூட இல்ல, ஆனா அந்த ரெண்டு செகண்டை எவனும் மறக்கல. மூணு வருஷம் முன்னாடி படிச்ச பையன் பஸ் ஸ்டாண்டுல பாத்து "சார் சுத்தியல்னு எழுதி கையெழுத்து போட்டேன் சார்"னு சொல்றான்.

பழைய கரும்பலகை எழுதியது:

டீச்சரம்மா, நான் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. சூரியன் பாடத்துக்கு டிவி எதுக்கு? சூரியன் வெளியிலதான் இருக்கு. ஒரு குச்சியை நேரா நட்டு வாரத்துக்கு ஒரு நாள் உச்சி நேர நிழலை அளந்து எழுதச் சொல்லுங்க. நிழலில்லா நாள் குமரிப் பக்கம் ஏப்ரல் 10 வாக்குல, உங்க ஊருக்கு இருபதை ஒட்டி, சென்னைக்கு அதுக்கும் பின்னாடி வரும், அன்னிக்கு மத்தியானம் பன்னிரண்டே கால் வாக்குல குச்சிக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட்லயும் இன்னொரு தடவை வரும். வெயில் நேரா தலைமேல விழுறதுக்கும் சரிஞ்சு விழுறதுக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்புல உணர்ந்த பிள்ளைக்கு சாய்வு தானா புரியும். இதை எந்த வீடியோவும் தராது.

உந்துவிசை எழுதியது:

ஐயா சொல்றது நூத்துக்கு நூறு. குச்சி நட முடிஞ்சதுக்கு குச்சிதான். ஆனா நிலாவுல போய் சுத்தியல் போட நம்மால முடியாதே ஐயா, அங்கதான் வீடியோ. அரவிந்த் குப்தா குப்பையில இருந்து பொம்மை செய்றதை ரெண்டு மூணு நிமிஷப் படமா போட்டிருக்காரே, அதுவும் அப்படித்தான், பாத்துட்டு உக்காந்திருக்க முடியாது, ஸ்ட்ராவும் தீப்பெட்டியும் தேட வச்சிடும்.

வைகைக்கரை எழுதியது:

நான் வரலாறு. எங்கிட்ட ஒரே வழிதான். எந்தத் துண்டு வீடியோவா இருந்தாலும் முதல் தடவை சத்தத்தை அணைச்சுட்டுப் போடுவேன். பின்னணி இசை போனாலே பாதி அழுகை போயிடும், அப்பதான் கண்ணு வேலை செய்யும். அப்புறம் மூணு கேள்வி: இதை யார் எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்க, கேமரா எங்க நின்னுச்சு?

ஜாலியன்வாலா பாக் வீடியோ போட்டேன், பசங்க உறைஞ்சு போயிட்டாங்க. இதைக் கேமராவுல எடுத்தது யாருன்னு கேட்டேன். வெள்ளைக்காரன்தான் சார்னு ஒருத்தன். 1919 ஏப்ரல் 13 அன்னிக்கு அந்தச் சுவருக்குள்ள நடந்ததுக்கு ஓடுற படமே கிடையாது, இப்ப நாம பாக்குறது எல்லாம் பின்னாடி நடிச்சு எடுத்த சினிமாக் காட்சி. ஆனா 1930 தண்டி யாத்திரைக்கு நிஜமான செய்திப்படம் இருக்கு, கறுப்பு வெள்ளையில, காந்தி வேகவேகமா நடப்பார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டுனேன், அன்னிலேர்ந்து எதைப் போட்டாலும் இது எடுத்ததா நடிச்சதான்னு அவங்களே கேக்குறாங்க.

கீழடிக்கும் இதே மாதிரிதான். எத்தனை ஆயிரம் வருஷம்னு வீடியோக்காரங்க இஷ்டத்துக்கு ஏத்திக்கிட்டே போறாங்க. 2019ல தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில, 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த ஒரு சாம்பிளுக்கு கி.மு. 580ன்னு காலம் வந்துச்சு. இந்த ரெண்டு எண்ணையும் போர்டுல எழுதிட்டு வீடியோவைப் போட்டு, இது எங்க ஒத்துப்போகுது எங்க போகலன்னு கண்டுபிடிக்கச் சொல்லுவேன். நமக்குப் பெருமை வேணும்தான், அந்தப் பெருமை மண்ணுல கிடைச்சதுக்குள்ள இருக்கணும், இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன்.

போன்ல வர்ற செய்திக்கும் அதே மூணு கேள்வி போதும் டீச்சர். ஆர்மா 3ன்னு ஒரு வீடியோ கேம் காட்சியை உக்ரைன் போர்னு உலகம் பூரா பரப்புனாங்க, கடைசியில அந்த கேம் கம்பெனியே 2022ல அறிக்கை விட்டு, கேம் காட்சியை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சொல்ல வேண்டியதா போச்சு. சந்திரயான் 3க்கு எங்க கிளாஸ் பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு, "லேண்டர்தான் முதல்ல போய் இறங்குதுன்னா அதை வெளியில நின்னு படம் எடுத்தது யாரு சார்?" எவ்வளவு நல்ல கேள்வி! 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6.04க்கு நாம லைவ்ல பாத்தது அனிமேஷனும் கிராஃபும்தான், லேண்டரோட சொந்தக் கேமரா கீழ பாத்து எடுத்த காட்சியை மறுநாள்தான் இஸ்ரோ வெளியிட்டுச்சு.

நாகூர் அலை எழுதியது:

நான் டீச்சர் இல்ல, ரெண்டு பிள்ளைக்கு அம்மா, வெறும் வாசகியாத்தான் இங்க வருவேன். இதுல மட்டும் எழுதணும்னு தோணுச்சு.

2004 டிசம்பர் 26, தாய்லாந்து கடற்கரையில டில்லி ஸ்மித்னு பத்து வயசு இங்கிலாந்துப் பொண்ணு. ரெண்டு வாரம் முன்னாடிதான் அவங்க ஸ்கூல்ல புவியியல் வகுப்புல சுனாமி நடத்தியிருந்தாங்க, 1946ல ஹவாய்ல வந்த அலையோட பழைய படமும் காட்டியிருந்தாங்க. கடல் நுரைச்சு மாறுறதைப் பாத்ததும் இது அதேதான்னு அந்தப் பொண்ணு அப்பா அம்மாகிட்ட கத்தியிருக்கு. கரையில இருந்த சுமார் நூறு பேர் தப்பிச்சாங்க. அன்னிக்கு எங்க கரையில யாருக்கும் அந்தப் படத்தைக் காட்டியிருக்கல. எங்க மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாங்க. எங்க பெரியம்மா பையனும் கடல் உள்வாங்குதுன்னு வேடிக்கை பாக்கத்தான் போனான்.

அதனால டீச்சர், தயவுசெஞ்சு வீடியோவை விட்டுடாதீங்க. உங்க கிளாஸ்ல எந்தப் பிள்ளைக்கு எது எப்ப ஞாபகம் வரணுமோ.

நாலாம் பீரியட் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, உங்க பதிவைப் படிச்சு ரொம்ப நேரம் ஒண்ணும் பேச முடியல. அடுத்த வாரமே சுனாமி நடத்தப் போறேன்.

நேத்து பருவகாலத்தையே திரும்ப எடுத்தேன். டிவியை அணைச்சு வச்சுட்டு போர்டுல ஜனவரி 14.7 கோடி, ஜூலை 15.2 கோடின்னு மட்டும் எழுதுனேன். முதல்ல டீச்சர் மாத்தி எழுதிட்டீங்கன்னாங்க. இல்லடான்னதும் ஒரே சத்தம், ஒரு பையன் நோட்டைத் தூக்கிட்டு எந்திரிச்சே நின்னுட்டான். அப்புறம் கடைசி பெஞ்சுல வாயே திறக்காத பையன், "டீச்சர், ஜனவரில ஆஸ்திரேலியாவுல மேட்ச் நடக்குறப்ப அங்க எல்லாரும் தொப்பி போட்டு வேர்த்துக் கொட்டுறாங்களே, அங்க மட்டும் எப்படி வெயில்?"னு கேட்டான். நான் பதில் சொல்லல. அப்பதான் வீடியோவைப் போட்டேன், சத்தம் இல்லாம, ஏழு நிமிஷத்துல நடுவுல இருக்குற ரெண்டு நிமிஷம் மட்டும், பூமி சாய்ஞ்சிருக்குறதைக் காட்டுற இடம். பாதியிலயே அந்தப் பையன் "டீச்சர் நிறுத்துங்க நிறுத்துங்க"ன்னு எந்திரிச்சு வந்து, டிவியில விரலை வச்சு எந்தப் பாதி சூரியன் பக்கம் சாயுதுன்னு காட்டுனான். சாப்பாட்டு மணி அடிச்சது யாருக்கும் கேக்கல.

ஐயா, குச்சியும் நட்டாச்சு, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல. எங்க ஊர்க் கணக்குக்கு ஆகஸ்ட் 24 வாக்குல நிழல் மறையணும். குமரிப் பக்கமோ சென்னைப் பக்கமோ ஸ்கூல்ல இருக்குறவங்க யாராவது அதே வாரம் உங்க பசங்களோட நிழலை அளந்து ஒரு ரெண்டு நிமிஷம் போன்ல வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? எங்க பசங்க எடுக்குறதை நான் அனுப்புறேன்.