ஸ்டெம் செல் 4,000தான் தேறுகிறது, செல் லைனுக்கு மாறலாமா?

கயல்:
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. டிஎன்எம்டி3ஏ ஜீனை நீக்கிய எலிகளில் ரத்த ஸ்டெம் செல்கள் (எல்லா ரத்தச் செல்களையும் உருவாக்கும் மூலச் செல்கள்) எப்படி மாறுகின்றன என்று பார்க்கிறேன். டி.என்.ஏ.வில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறி வைப்பது இந்த ஜீனின் வேலை. ஏஎம்எல் ரத்தப் புற்றுநோய் வந்த பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இதில் பிழை இருக்கிறது.

ஒரு எலியின் தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு எல்லாவற்றிலும் மஜ்ஜையைக் கழுவி எடுத்து, நாள் முழுக்க, செல்களைப் பிரித்தெடுக்கும் சார்ட்டர் முன்னால் உட்கார்ந்தால் அசல் ஸ்டெம் செல் 4,000 தேறும். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேலுள்ள குறிகளைப் பார்க்கும் சிப்-சீக் சோதனைக்கோ பல லட்சம் வேண்டும். போன மாதம் ஆறு எலிகளைச் சேர்த்துச் செய்தும் வெறும் இரைச்சல்தான் வந்தது. ஆறு உயிர். அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஓசிஐ-ஏஎம்எல்3 என்ற செல் லைனில் (ஒரு ஏஎம்எல் நோயாளியிடமிருந்து எடுத்து லேபில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள்) அந்த ஜீன் பிழை ஏற்கெனவே இருக்கிறது, அதை எடுத்துக்கொள் என்கிறார் லேபில் சீனியர். மாறிவிடவா?

மதி:
மாறாதீர்கள். அந்த செல் லைன் முற்றிய புற்றுநோய். அதில் இருப்பது ஆர்882 என்ற ஒற்றை இடத்துப் பிழை; பிழையுள்ள புரதம் நல்ல புரதத்தின் வேலையையும் கெடுக்கும். உங்கள் எலியில் ஜீனே கிடையாது. இரண்டும் வேறு கேள்வி.

சிப்-சீக்கை விட்டுவிட்டு கட் அண்ட் ரன் செய்து பாருங்கள். சியாட்டிலில் ஹெனிகாஃப் குழு 2017இல் வெளியிட்ட முறை. எச்3கே27எம்இ3 என்ற ஹிஸ்டோன் குறியை 100 செல்லிலேயே பார்த்திருக்கிறார்கள். மெத்தில் குறிக்கும் வழி இருக்கிறது. ஒரு செல்லில் ஏறக்குறைய 6 பிக்கோகிராம் டி.என்.ஏ., அப்படியானால் 4,000 செல்லில் 24 நானோகிராம். மெத்தில் குறியைப் பார்க்க வழக்கமாகப் போடும் பைசல்ஃபைட் ரசாயனம் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். என்சைம் வைத்துச் செய்யும் இஎம்-சீக் 10 நானோகிராமிலேயே நடக்கும். முதலில் சாதாரண எலியின் மஜ்ஜையில் பழகிக்கொள்ளுங்கள்.

இளங்கோ:
மதி சொன்னதுதான் சரி. இன்னொன்று: மஜ்ஜையை வேறு எலிக்கு மாற்றிப் பார்ப்பீர்கள் என்றால், முதல் மாற்று முடிந்த உடனே பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஹூஸ்டனில் குடெல் குழு 2011இன் இறுதியில் வெளியிட்ட கட்டுரையைப் படியுங்கள். ஒரு எலியிலிருந்து அடுத்ததற்கு மஜ்ஜையைத் திரும்பத் திரும்ப மாற்றிய பிறகுதான் ஸ்டெம் செல்கள் பெருகி, ரத்தச் செல்களாக முதிராமல் தேங்கின. மெத்தில் குறி சில இடங்களில் குறைந்தது, சில இடங்களில் கூடியது. ஜீன்களின் ஏற்ற இறக்கத்தோடு அது நேராகப் பொருந்தவும் இல்லை. உங்கள் தரவும் அப்படி வந்தால் சோதனை தோற்றதாக நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு மாற்றுக்கும் 16 வாரம் ஒதுக்குங்கள்.

கயல்:
இருவருக்கும் மிக்க நன்றி. 24 நானோகிராம் கணக்கை நான் போட்டே பார்க்கவில்லை! கைடிடம் பேசிவிட்டேன், எலியிலேயே தொடரலாம் என்றார். வேறொரு சோதனையில் மிஞ்சும் மஜ்ஜையை ஒரு தோழி தருகிறாள். திங்கட்கிழமை அதில் பழகப்போகிறேன். அப்புறம், மதி, எச்3கே27எம்இ3 ஆன்டிபாடியை எந்த அளவில் போடுவீர்கள்?