டுமகெட்டே போய் வந்தவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே. டிசம்பர் 20 வாக்குல அம்மாவைக் கூட்டிக்கிட்டு பிலிப்பைன்ஸ்ல, நெக்ரோஸ் தீவுல இருக்கிற டுமகெட்டேக்குப் போறேன். முன்னாடி ஒருதடவை தனியா போயிருக்கேன். சாயங்காலம் ரிசால் பூல்வார்டு கடலோரத்துல டெம்புரா (மீன் மாவுல பொரிச்ச பண்டம்) வண்டிங்க, குட்டி ஸ்டூல்ல ஊரே உட்கார்ந்திருக்கும். காலையில சந்தைக்குள்ள புட்டோ மாயா, அதாவது தேங்காய்ப்பால்ல வெந்த ஒட்டரிசி. கூடவே சூடா சிக்வாத்தே. அந்தக் கொக்கோவுக்காகவே மறுபடி போகலாம்!

இப்போ கவலை என்னன்னா, 16-லேருந்து 24 வரைக்கும் கிறிஸ்துமஸுக்காக சர்ச்சுல விடியற்காலைப் பூசை நடக்கிற நாட்கள், எல்லாரும் சொந்த ஊருக்குக் கிளம்புற நேரம். பக்கத்துத் தீவு செபுவுல இருக்கிற லிலோவான்லேருந்து, டுமகெட்டேக்குப் பக்கத்துல இருக்கிற சிபுலானுக்குப் படகு ஏற நேர்ல போனா டிக்கெட் கிடைக்குமா, இல்ல பாதி நாள் வரிசைதானா?

புதன்கிழமை மலாத்தபாய் சந்தையைப் பார்த்துட்டு அங்கிருந்தே ஆப்போ தீவுக்கு ஆமை பார்க்கப் போகணும். அம்மாவுக்கு முழங்கால் வலி. தண்ணியில இறங்கித்தான் படகு ஏறணுமா? பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனவங்க சொல்லுங்க.

அப்புறம், அம்மா சுத்த சைவம். அங்க காய்கறிக் குழம்புலயே மீன், இறால் விழுது போடுறாங்க. மதியச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?